கடதாசியின் பணி: மின்சுற்றுப் பலகை ஆக்கத்தில் மைத்தூள் மாற்றுமுறை பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

வானொலிப் பெட்டி முதலாகக் கணினி ஈறாக, இலத்திரனியற் சாதனங்கள் பெரும்பாலானவற்றின் உள்ளே ஒரு தட்டையான பலகை அமைந்திருத்தலை நாம் காண்கின்றோம். ஒரு காலத்தில் கம்பிகளைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பற்றாசு வைத்து இணைக்கப்பட்ட உறுப்புக்களை, இன்று அப்பலகைமீது படிந்துள்ள மெல்லிய செப்புப் பாதைகள் இணைக்கின்றன. வியன்னாவிற் பிறந்து 1936 இல் இங்கிலாந்து வந்து சேர்ந்த போல் ஐஸ்லர் என்னும் பொறியியலாளர் இதனை உருவாக்கியோருள் முதன்மையானவர். அவர் 1943 இல் இதற்கெனக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அச்சுத் தொழிலின் நுட்பங்களை அறிந்திருந்த அவர், எழுத்தை அச்சிடுவதுபோல் மின்சுற்றையும் அச்சிடலாம் எனக் கருதினார். ‘அச்சிட்ட மின்சுற்று’ என்னும் பெயர் இவ்வாறே பொருத்தமுடையதாகின்றது.

தொழிற்சாலைகளில் இப்பலகைகள் ஒளியுணர் படலங்களின் துணைகொண்டு ஆக்கப்படுகின்றன. ஆயின் ஒரு பலகையை மாத்திரம் வேண்டி நிற்கும் மாணவனுக்கோ, பழுதுபார்க்கும் சிறு தொழிலாளிக்கோ, பாடசாலை விஞ்ஞானக் கழகத்திற்கோ அத்தகைய வசதிகள் எட்டுவதில்லை. இவர்களிடையே பரவியுள்ள எளிய வழி மைத்தூள் மாற்றுமுறை ஆகும். மின்சுற்றின் வரைபடத்தை இலேசர் அச்சுப்பொறி கொண்டு ஒரு கடதாசியில் அச்சிட்டு, அக்கடதாசியைச் செப்புப் பலகைமீது கவிழ்த்து, துணி அழுத்தும் மின் அழுத்தியாற் சூடாக்கி அழுத்துவர். கடதாசியிலிருந்த மை செம்புக்கு மாறும். பின்னர் கடதாசியை அகற்றிப் பலகையை அரிக்கும் கரைசலில் இடுவர். மையால் மூடப்பட்ட செம்பு எஞ்சும். மூடப்படாத செம்பு கரைந்துபோகும்.

இம்முறையின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் தெரிவுசெய்யும் கடதாசியிலேயே தங்கியுள்ளன. இதனைக் கையாள்வோர் முதலிற் கேட்கும் வினா, ‘எந்த நிறுவனத்தின் எந்தத் தாளை வாங்கவேண்டும்?’ என்பதாகும். அவ்வினாவிற்கு விடை கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு கடதாசி இப்பணிக்கு ஏற்றதா என்பதைப் பெயரைக் கொண்டன்றி அதன் இயல்பைக் கொண்டே அறிதல் எவ்வாறு என்பதை விளக்குதலே நமது நோக்கம்.

மாற்றுக் கடதாசியின் வரலாறு

கடதாசியின் இயல்பான பணி மையை ஏற்று, அதனை நிலையாகத் தாங்கி நிற்பதாகும். ஏடும் நூலும் பத்திரமும் இவ்வியல்பை நம்பியே தோன்றின. நாம் ஆராயும் முறையிலோ கடதாசி மையைச் சிறிது நேரம் தாங்கிப் பின்னர் முழுமையாகக் கைவிடவேண்டும். ஒன்றுக்கொன்று முரண்பட்ட இவ்விரு பணிகளையும் ஒரே தாளிடம் எதிர்பார்த்தல் புதுமையானதொன்றன்று.

18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழிலாளர் இதனை அறிந்திருந்தனர். செதுக்கிய செப்புத் தகட்டிலிருந்து மெல்லிய தாளில் அச்சிட்டு, மை உலருமுன் அதனைப் பாண்டத்தின்மீது ஒட்டித் தேய்த்து, பின்னர் தாளை அகற்றுவதன் மூலம் சித்திரத்தைப் பாண்டத்திற்கு மாற்றினர். லிவர்பூல் நகரில் ஜோன் சாட்லர், கை கிறீன் ஆகிய இருவரும் 1756 இல் ஆறு மணி நேரத்தில் 1200 இற்கு மேற்பட்ட ஓடுகளில் இவ்வாறு அச்சிட்டதாகச் சத்தியக் கடதாசி முடித்தனர். கையால் ஒவ்வொன்றாகத் தீட்டும் உழைப்பு, ஒரு தற்காலிகத் தாளின் துணையாற் பன்மடங்கு பெருகிற்று.

கல்லச்சு முறையைக் கண்ட அலோய்ஸ் செனபெல்டர் இதே வழியில் மேலும் சென்றார். கல்லில் எழுத்தைத் தலைகீழாக வரையவேண்டிய இடர்ப்பாட்டை நீக்கும்பொருட்டு, பசை பூசிய மாற்றுக் கடதாசியில் நேராக எழுதி, அதனைக் கல்லின்மீது அழுத்தி மாற்றும் முறையை அவர் வகுத்தார். மாப்பொருள், பிசின், விலங்குப் பசை முதலியன பூசப்பட்ட இத்தாள்கள் நனைந்ததும், மைக்கும் தாளுக்கும் இடைப்பட்ட பூச்சு இளகும். மை கல்லோடு தங்கிவிடும். இன்றைய மின்சுற்று ஆக்கத்திலும் இவ்விதியே செயற்படுகின்றது.

இவ்வரலாற்றின் இன்னொரு கண்ணி அமெரிக்காவில் உளது. 1938 ஒக்ரோபர் 22 ஆந் திகதி நியூயோர்க்கின் அஸ்ரோரியாப் பகுதியில் செஸ்ரர் கார்ல்சன், ஒட்டோ கோர்னை என்போர் கந்தகம் பூசிய நாகத் தகடொன்றைத் தேய்த்து மின்னேற்றி, ஒளிபடச் செய்து, அதன்மீது இலைக்கோபோடியத் தூளைத் தூவினர். தகட்டில் தூளாலான எழுத்துக்கள் தோன்றின. அத்தூளை அவர்கள் மெழுகுத் தாளொன்றின்மீது அழுத்தி, சூடாக்கி நிலைபெறச் செய்தனர். உலர்முறைப் பிரதி எடுக்கும் கலையின் முதற் பிரதி அதுவே. அதாவது இக்கலை தோன்றிய நாளிலேயே தூள் ஒரு பரப்பிலிருந்து மற்றொரு பரப்பிற்கு வெப்பத்தின் துணையுடன் மாற்றப்பட்டது. 1959 இல் செரொக்ஸ் 914 பிரதிப்பொறியும், 1984 இல் ஹியூலற் பக்கார்ட் நிறுவனத்தின் மேசை இலேசர் அச்சுப்பொறியும் வெளிவந்தன. இத்தகைய பொறிகள் பரவியதனால், அலுவலகங்கள்தோறும் நாம் ஆராயும் மைத்தூள் கிடைக்கலாயிற்று.

மைத்தூளும் செம்பும்

‘டோனர்’ என வழங்கும் மைத்தூள், சொல்லின் வழக்கமான பொருளில் மை அன்று. அது வெப்பத்தால் இளகும் பிளாத்திக்குத் தூளாகும். ஸ்ரைரீன், அக்கிரிலேற்று ஆகியவற்றின் கூட்டுப் பல்பகுதியமோ பொலியெசுத்தரோ அதன் பெரும்பகுதியாக அமையும். கரிய நிறத்திற்குக் காபன் தூளும், சில வகைகளில் காந்த இயல்புடைய இரும்பொட்சைட்டும், சிறிதளவு மெழுகும் அதிற் கலந்திருக்கும். இன்றைய தூளின் துணிக்கைகள் ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரோமீற்றர் விட்டமுடையவை. அச்சுப்பொறியின் இறுதியிலுள்ள சூடான உருளைகளுக்கிடையே தாள் செல்லும்போது தூள் உருகித் தாளோடு ஒட்டுகின்றது.

ஒருமுறை உருகிய இப்பிளாத்திக்கு மீண்டும் சூடாக்கினால் மீண்டும் இளகும். மாற்றுமுறை முழுவதற்கும் அடிப்படை இவ்வியல்பாகும். அரிக்கும் கரைசல்கள் பிளாத்திக்கைத் தாக்காமையால், அது செம்பின்மீது காப்புப் படலமாகவும் அமைகின்றது. திரவ மையைத் தெளிக்கும் அச்சுப்பொறியின் பிரதிகள் இதற்கு உதவா. அவற்றின் மை உருகுவதுமில்லை, செம்பைக் காப்பதுமில்லை.

மறுபுறம் இருப்பது செம்பு. வழக்கமான பலகை 1.6 மில்லிமீற்றர் தடிப்புடையது. அதன்மீதுள்ள செம்பின் தடிப்பு 35 மைக்ரோமீற்றர் மாத்திரமே. தரமான பலகை கண்ணாடி இழையும் எப்பொட்சிப் பிசினும் சேர்ந்தது. மலிவான பலகையோ பினோலிக்குப் பிசின் ஊட்டப்பட்ட கடதாசி அடுக்குகளாலானது. எனவே மலிவுப் பலகையை எடுத்துக்கொள்வோமாயின், கடதாசியின்மீது கடதாசியைக் கொண்டே சுற்றை அச்சிடுகின்றோம் எனலாம்.

பிரிவு நிகழும் தளம்

அழுத்திச் சூடாக்கிய நிலையில் நான்கு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன: செம்பு, மைத்தூள், கடதாசியின் மேற்பூச்சு, கடதாசியின் இழைகள். கடதாசியை அகற்ற முனையும்போது இவ்வடுக்கு எங்கேனும் ஓரிடத்தில் பிரியவேண்டும். எத்தளத்திற் பிணைப்பு மிக நலிந்துள்ளதோ அத்தளத்திலேயே பிரிவு நிகழும். நலிந்த தளம் செம்புக்கும் மைக்கும் இடையில் அமைந்தால் மை கடதாசியோடு திரும்பிச் சென்றுவிடும், பலகை வெறுமையாகும். அது மைக்கும் இழைக்கும் இடையில் அமைந்தால் மை செம்பில் தங்கும். கடதாசித் தெரிவு என்பது நலிந்த தளத்தை நாம் விரும்பும் இடத்தில் அமைத்தலே அன்றி வேறில்லை.

இதிலிருந்து இரண்டு முடிபுகள் பெறப்படும். முதலாவது, செம்பின் பக்கத்துப் பிணைப்பை வலுப்படுத்தல் வேண்டும். செம்பின்மீது படிந்த ஒட்சைட்டையும் விரல் எண்ணெயையும் நுண்ணிய அரத்தாளாலும் அசற்றோனாலும் நீக்கியபின் மாற்றம் செய்தல் இதன்பொருட்டேயாகும். அழுக்கான செம்பின்மீது எத்துணைச் சிறந்த கடதாசியும் பயன் தராது. இரண்டாவது, கடதாசியின் பக்கத்துப் பிணைப்பை நாம் விரும்பும் வேளையில் தளர்த்தக்கூடியதாக இருத்தல் வேண்டும். இதற்கு இரு வழிகள் உள. ஒன்று, நீரால் இளகும் பூச்சு; மற்றையது, மை ஒட்ட மறுக்கும் பூச்சு.

கடதாசி வகைகள்

முதற்கண் அலுவலகங்களிற் பயன்படும் சாதாரண 80 கிராம் தாளை நோக்குவோம். இதன் மேற்பரப்பு நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு வைக்கோற் போரினை ஒத்தது. செலுலோசு இழைகள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடக்க, இடையே கல்சியங் காபனேற்றுத் துகள்கள் நிறைந்திருக்கும். மின் அழுத்தியின் நீடித்த வெப்பத்தில் மை இவ்விழைகளின் இடுக்குகளுட் புகுந்து அவற்றைப் பற்றிக்கொள்ளும். நீரில் ஊறவைத்து விரலால் உருட்டி எடுத்தாலும் இழைகள் மையோடு எஞ்சும். தடித்த பாதைகளைக் கொண்ட எளிய சுற்றுக்கு இது ஓரளவு போதுமானது. பாதைகள் நெருங்கிய இடத்தில் இவ்விழைகள் இடைவெளிகளை அடைத்து, அரிப்பைத் தடுத்து, பிரிந்திருக்க வேண்டிய பாதைகளை இணைத்துவிடும்.

அடுத்து, வார, மாத சஞ்சிகைகளின் பளபளப்பான தாள். மேற்பார்வைக்குத் தரம் குறைந்ததாய், வாசித்தபின் எறியப்படுவதாய் இருக்கும் இத்தாள் மைத்தூள் மாற்றத்திற்கு மிகவும் உகந்ததாகக் காணப்படுதல் வியப்பிற்குரியது. காரணம் எளிது. படங்கள் தெளிவாகப் பதியும்பொருட்டு இதன் இழைகளின்மீது கயோலின் என்னும் வெண்களியும் கல்சியங் காபனேற்றும், மாப்பொருள் அல்லது செயற்கைப் பாலுடன் குழைத்துப் பூசப்பட்டுள்ளன. மை இப்பூச்சின்மீது தங்குகின்றது, இழையை அடைவதில்லை. நீரில் ஊறியதும் பூச்சு தளர்ந்து இழைகளை விட்டு நீங்குகின்றது. தாள் மெல்லியதாதலால் வெப்பமும் நீரும் விரைவாக ஊடுருவும். முன்னரே அச்சிடப்பட்டுள்ள எழுத்துக்கள் பெரும்பாலும் இடையூறு செய்வதில்லை. எனினும் நிறம் அடர்ந்த படப் பக்கங்களைத் தவிர்த்தல் நன்று. மென்மையே இதன் குறையுமாகும். அச்சுப்பொறியினுட் சுருங்கிச் சிக்குதல் கூடும். தாளின் முன்விளிம்பைச் சாதாரணத் தாளொன்றில் ஒட்டி அனுப்புவதன் மூலம் இதனைப் பெரிதும் தவிர்க்கலாம். விளம்பரத் துண்டுகளுக்கும் சிற்றேடுகளுக்கும் பயன்படும் 100 முதல் 130 கிராம் வரையான பூச்சுத்தாள் இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்டது.

மூன்றாவது, திரவ மை அச்சுப்பொறிக்கென விற்கப்படும் படத்தாள். இங்கே பெரும் எச்சரிக்கை தேவை. ஒரே பெயரில் இரு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒரு வகையில், கடதாசியின்மீது சிலிக்கா முதலிய நுண்துகள்கள் பொலிவைனைல் அற்ககோல் போன்ற பசையுடன் நேரடியாகப் பூசப்பட்டுள்ளன. அப்பசை நீரை ஏற்று இளகக்கூடியது. எனவே அத்தாள் நன்கு பயன்படும். மற்றைய வகையில், கடதாசியின் இரு பக்கமும் பொலித்தீன் படலத்தால் மூடப்பட்டிருக்கும். பொலித்தீன் ஏறத்தாழ 110 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். இலேசர் அச்சுப்பொறியின் உருளையோ அதனிலும் பல பாகை சூடானது. அத்தகைய தாள் உருளையில் உருகி ஒட்டி அச்சுப்பொறியையே பழுதாக்கிவிடலாம். விலை உயர்ந்த படத்தாள்கள் பல இவ்வகையைச் சார்ந்தவை. விலையும் தகுதியும் இங்கு எதிர்த்திசையிற் செல்வதை நோக்குக.

நான்காவது, மை ஒட்ட மறுக்கும் சிலிக்கோன் பூசிய தாள்கள். ஒட்டுப்பட்டிகளின் பின்புறத்தாளும், வெதுப்பகங்களில் தட்டின்மீது விரிக்கும் தாளும் இவ்வகையின. இவற்றிலிருந்து மை நீரின் உதவியின்றியே முழுமையாகக் கழன்று வரும். பூச்சின் எச்சம் எதுவும் செம்பில் தங்காது. ஆனால் கைவிடுதலில் மிகையான இத்தாள் தாங்குதலிற் குறையுடையது. அச்சுப்பொறியினுள்ளேயே மை சிதறவோ நழுவவோ கூடும். அச்சிட்ட தாளை விரலாற் தொட்டாலே கோடுகள் அழியலாம். வழவழப்பினால் அச்சுப்பொறி அதனைப் பற்றி இழுக்கவும் தவறும். ஒட்டுப்பட்டியின் பசை சிறிதேனும் எஞ்சியிருப்பின் அதனைப் பொறியுட் செலுத்தலாகாது.

ஐந்தாவது, இப்பணிக்கெனவே ஆக்கப்படும் தாள்கள். இவற்றுட் சில டெக்ஸ்ரின் பூசப்பட்டவை. டெக்ஸ்ரின் என்பது மாப்பொருளை வறுத்துப் பெறப்படும் பசை; நீர் பட்டவுடன் கரைந்து தாளை மிதக்கவிடும். பாண்டங்களிலும் விளையாட்டு விமானங்களிலும் ஒட்டும் நீர்ச்சித்திரத் தாள்களில் நெடுங்காலமாகப் பயன்படுவதும் இதுவே. ‘பிரெஸ் அண்ட் பீல்’ என்னும் பெயரில் விற்கப்படும் நீலநிறத் தகடு, கடதாசியன்றிப் பொலியெசுத்தர்ப் படலமாகும். இவை நற்பயன் தருவன. எனினும் விலை மிக்கவை. எங்கும் கிடைப்பன அல்ல. சாதாரணத் தாளின்மீது மாப்பசையை மெல்லியதாகவும் சீராகவும் பூசி உலர்த்தி, இவற்றிற்கு ஈடானதொன்றை வீட்டிலேயே ஆக்கிக்கொள்வோரும் உளர். செனபெல்டரின் காலத்து அறிவு இங்கு மீண்டும் கைகொடுக்கின்றது.

பெயரை விடுத்து இயல்பை அறிதல்

மேற்கூறியவற்றிலிருந்து, அறியாத ஒரு தாளைச் சோதிப்பதற்கு எளிய நான்கு சோதனைகளை நாம் வகுக்கலாம்.

முதலாவது வெப்பச் சோதனை. தாளின் ஒரு துண்டைச் சாதாரணக் கடதாசி இரண்டின் இடையே வைத்துச் சூடான மின் அழுத்தியால் அரை நிமிடம் அழுத்துக. துண்டு மற்றைய கடதாசியில் ஒட்டினாலோ அதன் மேற்பரப்புக் குழம்பினாலோ அதிற் பிளாத்திக்குப் படலம் உண்டு. அதனை இலேசர் அச்சுப்பொறியிற் செலுத்தவே கூடாது. இச்சோதனையை முதலிற் செய்தல் இன்றியமையாதது.

இரண்டாவது நீர்ச் சோதனை. பளபளப்பான பக்கத்தில் ஒரு துளி நீரை இட்டு, ஒரு நிமிடத்தின் பின் விரலால் தேய்க்குக. வழுவழுப்பாகவோ பால்போன்றோ பூச்சு கழன்று வந்தால் அது நீரால் இளகும் வகை. நீர் முத்தாகத் திரண்டு உருண்டோடினால் அது சிலிக்கோன் முதலிய ஒட்டாப் பூச்சுடையது. நீர் உடனே உறிஞ்சப்பட்டு இழைகள் கிளம்பினால் அது பூச்சற்ற சாதாரணத் தாள்.

மூன்றாவது ஊறற் சோதனை. துண்டொன்றை நீரில் பத்து நிமிடம் இட்டுக் கிழிக்குக. எளிதில் அடுக்கடுக்காகப் பிரியும் தாள் நன்று. தோல்போல் இழுபட்டுக் கிழிய மறுப்பது பயன்படாது.

நான்காவது கோட்டுச் சோதனை. 0.2, 0.3, 0.4, 0.5 மில்லிமீற்றர் அகலமுள்ள இணைகோடுகளை அதே இடைவெளிகளுடன் அச்சிட்டு, ஒரு சிறு செப்புத் துண்டில் மாற்றி அரித்துப் பார்க்குக. எந்த அகலம் வரை முறியாமலும் இணையாமலும் கோடுகள் வருகின்றனவோ, அதுவே அத்தாளும் அவ்வச்சுப்பொறியும் அவ்வழுத்தியும் சேர்ந்து தரக்கூடிய எல்லை. பயிற்சி குறைந்தோர் 0.4 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பாதைகளைக் கொண்டு சுற்றை வரைதல் பாதுகாப்பானது. கவனமாகச் செய்வோர் 0.2 மில்லிமீற்றரை அண்மிக்க முடியும்.

ஈரப்பதனும் அளவு மாற்றமும்

கடதாசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. எமது நாட்டின் கரையோரப் பகுதிகளைப் போன்று காற்றின் ஈரப்பதன் மிகுந்த இடங்களில் இது ஒரு தனிப் பிரச்சினையாகின்றது. ஈரமுற்ற தாளை மின் அழுத்தியால் திடீரெனச் சூடாக்கும்போது, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மைக்கும் செம்புக்கும் இடையே குமிழிகளை உண்டாக்கும். அவ்விடங்களில் மை ஒட்டாது.

ஈரம் நீங்கும்போது தாள் சுருங்கவும் செய்யும். செலுலோசு இழை நீளத்தைவிட விட்டத்திலேயே அதிகம் விரிந்து சுருங்கும். ஆலையில் இழைகள் பெரும்பாலும் தாள் ஓடும் திசையில் ஒழுங்குபடுவதால், அத்திசைக்குக் குறுக்கே சுருக்கம் கூடுதலாகும். சிறிய ஒருபக்கப் பலகையில் இது புலப்படாது. பல கால்களைக் கொண்ட தொகுப்புச் சுற்றுக்களின் துளைகளும், இருபக்கப் பலகையின் மேல், கீழ்ப் படங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போவதற்கு இது ஒரு காரணமாகும். தாளை வெறுமையாக ஒருமுறை அச்சுப்பொறியூடாகச் செலுத்தி உலர்த்திவிட்டு, உடனே இரண்டாம் முறை செலுத்தி அச்சிடுவதனால் இச்சுருக்கத்தின் பெரும்பகுதியைப் படம் பதியுமுன்னரே முடித்துவிடலாம். இருபக்கப் பலகைக்கு இரண்டு படங்களையும் ஒரே தாளில், ஒரே திசையில் அச்சிடுதலும் நன்று.

மாற்றமும் அதன்பின்

சரியான கடதாசியைத் தெரிந்தபின் எஞ்சும் செயல்கள் சில. கடதாசி கவிழ்க்கப்படுவதால் படம் இடம் வலமாக மாறும். உறுப்புக்கள் மேலேயும் செம்பு கீழேயும் அமையும் பலகைக்கு, மேலிருந்து நோக்கியவாறு வரைந்த படத்தைத் திருப்பாமல் அச்சிடவேண்டும். மேற்பக்கச் செம்பிற்குரிய படத்தையே கண்ணாடி விம்பமாகத் திருப்பவேண்டும். மின் அழுத்தியைப் பருத்தித் துணிக்குரிய வெப்பநிலையில், ஆவி இன்றி, மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை சீராக அழுத்துதல் போதுமானது. அழுத்தம் மிகுந்தால் உருகிய மை பரந்து பாதைகள் தடிக்கும். குறைந்தால் ஓரங்கள் ஒட்டா. இவ்விரு குறைகளையும் கடதாசியின்மீது சுமத்துவோர் பலர். தடித்த தாள் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் அதற்கு மேலும் சிறிது நேரம் வேண்டும்.

நீரால் இளகும் தாளாயின் பலகையை நீரில் இட்டுப் பொறுமையுடன் காத்திருத்தல் வேண்டும். அவசரத்தில் உரிப்பின், இன்னும் இளகாத பூச்சு மையையும் உடன் இழுத்துச் செல்லும். சிலிக்கோன் தாளாயின் பலகை முற்றாகக் குளிர்ந்தபின்னரே உரிக்கவேண்டும். சூடாக இருக்கும்போது மை இன்னும் இளகிய நிலையிலேயே இருக்கும். சஞ்சிகைத் தாளின் பூச்சு சிலவேளை பாதைகளின் இடையே வெண்படலமாகத் தங்கி அரிப்பைத் தடுக்கும். மென்மையான பற்தூரிகையால் இதனை நீக்கலாம். படலம் கல்சியங் காபனேற்றாயின் வினாகிரி அதனைக் கரைக்கும். வெண்களியாயின் கரைக்காது, தேய்த்தே அகற்றவேண்டும். எஞ்சிய சிறு முறிவுகளை நிலைத்த மைப் பேனாவாற் தொட்டு நிரப்பலாம்.

அரித்தற்குப் பெரிதும் பயன்படுவது பெரிக்குக் குளோரைட்டுக் கரைசல். அது செம்பைக் கரைத்துக் குப்ரிக்குக் குளோரைட்டாக்கி, தான் பெரசுக் குளோரைட்டாகத் தாழ்கின்றது. பயன்படுத்திய கரைசலிற் கரைந்துள்ள செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும். அதனை வடிகாலிலோ நிலத்திலோ ஊற்றுதல் தகாது. சுண்ணக்கற் பாறையின் நிலத்தடி நீரையே கிணறுகளில் நம்பி வாழும் யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற இடங்களில் இவ்வெச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். சலவைச் சோடா சேர்த்துச் செம்பை வீழ்படிவாக்கி, அச்சேற்றை உலர்த்தி, ஆய்வுகூடக் கழிவோடு ஒப்படைத்தலே முறை.

சில முடிபுகள்

இன்று மின்சுற்றின் வரைபடத்தை இணையத்தினூடாகச் சீனத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பி, வீட்டில் ஆக்கக்கூடியதைவிட நேர்த்தியான பலகைகளைக் குறைந்த விலையிற் பெறமுடிகின்றது. அவ்வாறாயின் கடதாசியைத் தேடி அலைவது வீண் உழைப்பு அன்றோ என்னும் வினா எழுதல் இயல்பு.

இவ்வினாவிற்கு அண்மைக்கால வரலாறே ஒரு பகுதி விடையைத் தருகின்றது. 2022 இல் இலங்கையில் அந்நியச் செலாவணி அற்றுப்போனவேளை, அச்சிடுங் கடதாசியும் மையும் இன்மையால் அவ்வாண்டு மார்ச்சில் மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. வினாத்தாளுக்கே கடதாசி கிட்டாத வேளையில் மின்சுற்று ஆக்கத்திற்கெனச் சிறப்புத் தாளை இறக்குமதி செய்தலை எவரும் எண்ணியிரார். அத்தகைய வேளையில், குறித்த ஒரு நிறுவனத்தின் தாளை மாத்திரம் அறிந்தவன் செயலிழந்து நிற்பான். பழைய சஞ்சிகையின் தாளில் வெண்களி உண்டு என்பதையும் அது நீரால் இளகும் என்பதையும் அறிந்தவன் வேலையைத் தொடர்வான்.

செல்வம் மிக்க நாடுகளிலும் பெயர்ப்பட்டியல்கள் நிலைப்பதில்லை. உற்பத்தியாளர் தமது தாளின் பூச்சை அறிவிப்பின்றி மாற்றுவர். உறையின் மேலுள்ள பெயர் அவ்வாறே இருக்கும். நேற்றுச் சிறந்ததெனப் பரிந்துரைக்கப்பட்ட தாள் இன்று மையை விட மறுக்கும். சமையற் குறிப்பைப் போன்று வழங்கும் தொழில்நுட்ப அறிவு, அதிற் கூறப்பட்ட பொருள் சந்தையிலிருந்து மறைந்ததும் தானும் மறைந்துபோகின்றது. காரணத்தோடு கூடிய அறிவோ கிடைக்கும் பொருளுக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும்.

எமது விஞ்ஞானக் கல்வி இவ்விடத்திற் சிந்திக்க வேண்டியது உண்டு. பல்பகுதியம் என்றும் ஒட்டற்றன்மை என்றும் மாப்பொருள் என்றும் மாணவர் தனித்தனி அத்தியாயங்களிற் கற்கின்றனர். ஒரு கடதாசித் துண்டைச் செம்பின்மீது அழுத்தி உரிக்கும்போது இவை யாவும் ஒரே செயலில் ஒருங்கே நிற்பதைக் காணலாம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பிரதி எடுக்கும் கடையொன்றின் இலேசர் அச்சுப்பொறி, வீட்டு மின் அழுத்தி, எறியப்படவிருந்த சஞ்சிகை, ஒரு கிண்ணம் நீர் ஆகியன போதும். தொழிற்சாலையிலிருந்து வரும் நேர்த்தியான பலகை மாணவனுக்குச் சுற்றைத் தரும். சுற்று எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. தான் பயன்படுத்தும் பொருளின் இயல்பைத் தானே சோதித்துத் தெரிவுசெய்யும் பழக்கம் ஒரு சமூகத்தில் வேரூன்றுமாயின், அது கடதாசியோடு நின்றுவிடாது.